கவர் மட்டும் போனால் போதாது

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அம்மா வாழ்த்துச் சொல்லி எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மருமகளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

போனில் நீ வருத்தப்பட்டதை அப்பாவிடம் சொன்னேன். விபத்தில் கால் ஒடிந்து வேலையில்லாமல் இருக்கிற அந்த டிரைவர் தம்பிக்காக உங்கள் சபையில் தனிக் காணிக்கை எடுத்திருக்கிறீர்கள். ஆராதனை முடிந்ததும் அவரை முன்னால் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கோயில் பக்கமே வரவில்லை. "செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம், நன்றிகூட இல்லையே அம்மா" என்றாய். போனில் பதில் சொன்னால் பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

காணிக்கை எடுத்தது நல்ல காரியம். பெங்களூர் மாதிரி ஊரில் ஒரு மாத வாடகையும் மருந்துச் செலவும் லேசான பாரம் இல்லை. அதைச் சுமந்த ஒவ்வொருவரையும் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். ஆனால் கட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு, மனைவி பிள்ளைகள் பார்க்க, சபையார் எல்லாருக்கும் முன்னால் நின்று கவர் வாங்கின அந்த மனுஷனை நினைத்துப் பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு அதே பெஞ்சில் வந்து உட்காருவார்? கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அதைக் கேள்விப்பட்ட பவுல், "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று எழுதினார். இல்லாதவனைப் பட்டினி போட்டது ஒரு குற்றம் என்றால் வெட்கப்படுத்தினது இன்னொரு குற்றம். உங்கள் சபை பசியை ஆற்றியது. வெட்கத்தை யோசிக்கவில்லை.

"யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம்" என்ற வசனத்தைக் கமிட்டி அறிக்கையில் போட்டிருந்ததாகச் சொன்னாய். குடும்பம் என்றால் குடும்பமாகவே நடக்க வேண்டும். உன் சித்தப்பா கடை நொடித்தபோது அப்பா என்ன செய்தார்கள்? ராத்திரி சாப்பிட்ட பிறகு போய், கடையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காமல் பேசிக்கொண்டிருந்துவிட்டு, வரும்போது சித்தியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுநாளும் போனார்கள், அதற்கடுத்த வாரமும் போனார்கள். சித்தப்பா இன்றுவரை அப்பா முன்னால் தலைநிமிர்ந்துதான் பேசுகிறார். சபைக்குள் ஒருவருக்குக் கொடுப்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நம்ம பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியாவைப் பற்றிச் சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்னின்றவர். தெலுங்கு நாட்டில் தோர்னக்கலுக்கு மிஷனரியாகப் போய், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு முன்னால் 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபை. இந்தியாவுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரி கொடுத்தவர்கள், உயிரையே கொடுத்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. அவர்கள் முன்னால் அசரியா எழுந்து நின்று, ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் இன்றும் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அந்தக் கடைசி வரியைத்தான்.

அந்த டிரைவர் தம்பி வாய் திறந்து கேட்டால் இதைத்தான் கேட்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கவர் போனது. நீங்கள் யாரும் போகவில்லை. கமிட்டியில் ஒருவராவது அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தீர்களா? உன்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை, மகனே. நீ போகக்கூடியவன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நம்ம சபை வளர்ந்த விதமே ஒருவரை ஒருவர் தாங்கினதில்தான். கிறிஸ்தவர்களானதால் ஊரில் அடிபட்டு, குடிசை இழந்து நின்ற குடும்பங்களுக்காகத்தான் 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி முதலூர் என்ற ஊரை உண்டாக்கினார். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, பத்து வருஷம் கழித்துத் தரும சங்கம் ஏற்படுத்தினதும் இதே காரியத்துக்குத்தான். துரத்தப்பட்டவர்கள் பயமில்லாமல் குடியிருக்க நிலம் வாங்கி, ஊர் அமைத்து, நடுவில் ஒரு ஜெப வீடு கட்டினார்கள். உன் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார்கள். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அந்த அரிசி கோயிலுக்குப் போகும். இது யார் போட்ட அரிசி என்று பானையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கோயில் அசன விருந்திலும் அப்படித்தான். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் வெந்து, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஆனாலும் இதே ஊர்களில் வேறொன்றும் வேரூன்றி இருக்கிறது. அதை மறைத்து உனக்கு எழுத மாட்டேன். அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் உங்கள் கமிட்டியில் ஒருவர், "அவங்க யாரு?" என்று கேட்டார் என்று சொன்னாயே. அது ஊரைக் கேட்ட கேள்வி அல்ல, சாதியைக் கேட்ட கேள்வி. நம்ம தமிழ்ச் சபைகளில் பெஞ்சிலும் கல்லறையிலும் பெண் எடுப்பதிலும் இன்னும் இது சாகவில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதினார். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது. 1950-ல் வந்த ஜனாதிபதி உத்தரவால், தாழ்த்தப்பட்ட மக்களில் கிறிஸ்தவரானவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கொடுத்தார்கள், நம்மவர்களுக்கு இல்லை. அரசாங்கம் அவர்களை "நீ கிறிஸ்தவன்" என்று சொல்லித் தள்ளுகிறது. கோயிலுக்குள் வந்தால் நாம் சாதியைக் கேட்டுத் தள்ளுகிறோம். அந்தத் தம்பி அப்படிப்பட்ட குடும்பமா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மறுபடி யாராவது அப்படிக் கேட்டால், "நம்ம சபைக் குடும்பம், ஐயா" என்று நீ கமிட்டியிலேயே சொல்ல வேண்டும். கேட்டவர் உன்னைவிட வயதில் மூத்தவராக இருக்கலாம். மரியாதையாகச் சொல், ஆனால் சொல்லாமல் விடாதே.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தை மறுபடி வாசி. தினசரி பகிர்வில் தங்கள் விதவைகள் விடப்பட்டார்கள் என்று கிரேக்கு பேசுகிறவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அவர்களை நன்றிகெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெயர்களைப் பார்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாமே கிரேக்குப் பெயர்கள். எந்தப் பக்கத்தார் குறை சொன்னார்களோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தியை ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்கள் கமிட்டியில் வாடகை வீட்டுக்காரர் எத்தனை பேர்? தினக்கூலிக்குப் போகிறவர் ஒருவராவது உண்டா? அடுத்த தேர்தலில் இதற்காகப் பேசு.

ஜெபக்குறிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தம்பி முன்னால் குடித்தாராம், அதனால்தான் விபத்தாம் என்று குரூப்பில் யாரோ "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று போட்டார்களாமே. அது ஜெபம் இல்லை, புறங்கூறுதல். குற்றம் இருந்தால் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" போய்ச் சொல் என்று ஆண்டவரே வழி காட்டியிருக்கிறார். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற வசனத்தை ஒருவர் எடுத்துப் போட்டதாகவும் சொன்னாய். பவுல் அதை மனதில்லாதவனுக்கு எழுதினார், கால் ஒடிந்தவனுக்கு அல்ல. அந்தப் போட்டோவையும் அந்தச் செய்தியையும் எடுக்கச் சொல். கணக்கு காட்ட வேண்டும் என்றால் தொகையை மட்டும் கமிட்டிப் புத்தகத்தில் எழுதினால் போதும்.

இனி செய்ய வேண்டியது. இந்தச் சனிக்கிழமை நீயும் மருமகளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். கையில் கவர் வேண்டாம், பழம் போதும். கொடுத்ததைச் சாப்பிடுங்கள். கமிட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. அவர் பேசினால் கேட்டுக்கொள், கோபமாகப் பேசினாலும் கேட்டுக்கொள். விபத்து இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயத்தில் மனு போட்டாரா என்று விசாரி. 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் சபையில் வக்கீல் இருக்கிறார் என்றாயே, அவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ. முதலாளி இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு கட்டினாரா என்றும் பார்க்கச் சொல். அந்தத் தம்பியின் மனைவிக்குத் தையல் தெரியும் என்று மருமகள் சொன்னாள். பாடகர் குழு உடுப்பு தைக்க வெளியே கொடுக்கிறீர்களே, அதை அவளிடம் கொடுத்து, வெளியே கொடுக்கிற கூலியையே கொடுங்கள். குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அசனத்துக்கு நீங்கள் வரும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. அவர் கால் குணமாக இருந்தால் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. படி ஏற முடியாதென்றால் அப்பா தன் அறையைத் தருகிறேன் என்கிறார்கள். எத்தனை பேர் என்று முன்கூட்டியே எழுது. இந்த வருஷம் நம்ம வீட்டு அரிசியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

உன் அம்மா