சார்ஜரை மாற்றித் தராமல் ஐந்து நடை அலையவிட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமம் பெற்ற ஆவண எழுத்தர்,
சார்பதிவாளர் அலுவலகம் அருகில்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
தலைமை அலுவலகம்.

நாள்: 07.07.2025

பொருள்: 28.10.2024 அன்று வாங்கிய 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் சார்ஜர் பழுதானது, அதை மாற்றித் தர மறுத்தது, நல்ல திரையைச் சேதப்படுத்தித் திருப்பித் தந்தது ஆகியவை குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் தங்களுடைய இலவச அழைப்பு எண்ணில் பதினொரு முறை பேசிவிட்டேன், இரண்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஐந்து நடை போய்வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னதால், இனி எழுத்தில்தான் சொல்வது என்று முடிவு செய்தேன். 31 ஆண்டுகளாகப் பிறர் நிலத்துக்கு நான்கெல்லை எழுதிப் பிழைப்பவன் நான்; என் குறையையும் எல்லை பிசகாமல் எழுத முயல்கிறேன். எங்கேனும் சூடு கூடினால் அதற்குக் காரணம் தங்கள் சேவை மையமே.

மேற்படி டேப்லெட்டைத் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில், 18 விழுக்காடு ஜிஎஸ்டி உட்பட 11,999 ரூபாய்க்கு வாங்கினேன். மாடல் எண் பில்லில் இருக்கிறது. அதைப் பார்த்தாலே போதும், அந்தச் சாதனத்தைப் பற்றி என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தாங்கள் செய்த பொருள்தானே.

விலை குறைந்த பொருளை வாங்கிவிட்டு விலை உயர்ந்ததைப் போல் உழைக்க வேண்டும் என்று அடம் பிடிப்பவனாக என்னைத் தங்கள் ஊழியர் ஒருவர் நடத்தியதால், நான் எதையெல்லாம் எடைபோட்டு வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வயது 61 ஆகிவிட்டது. கைபேசியில் நாளிதழ் படித்தால் கண் வலிக்கிறது. மடிக்கணினி அதிகப்படி. காலையில் நாளிதழ், பகலில் ஓரிரு வில்லங்கச் சான்றிதழ்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது, இரவில் ஓசூரில் இருக்கும் மகளிடம் வீடியோவில் பேசுவது, அதன்பின் வீட்டம்மாவின் தொடர்கள், இவ்வளவுதான் எங்கள் உபயோகம். சிம் போடும் மாடலுக்குக் கூடுதலாக ஏன் கொடுக்க வேண்டும், கைபேசியின் ஹாட்ஸ்பாட் போதும் என்று வைஃபை மாடலை எடுத்தேன். பெட்டியில் ராம், அதாவது வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம், ‘4+4 ஜிபி’ என்று எட்டைப் போலப் போட்டிருந்ததைக் கண்டு நான் மயங்கவில்லை. பின்னால் சொல்லப்பட்ட நான்கு, சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை எடுத்து ராமைப் போலக் காட்டுவது என்றும், அது உண்மையான ராமின் வேகத்துக்கு வராது என்றும் மருமகன் முன்பே சொல்லியிருந்தார். புறம்போக்கையும் வேலிக்குள் அடைத்துவிட்டு மொத்தமும் பட்டா நிலம் என்று சொல்லும் ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன்.

64 ஜிபி சேமிப்பிடத்தில் ஏறத்தாழ 15 ஜிபியைத் திறந்த அன்றே இயங்குதளம் எடுத்துக்கொண்டிருந்தது. பாதை, வாய்க்கால் போக மீதிதான் சாகுபடிக்கு என்று ஏற்றுக்கொண்டேன். திரை 1920-க்கு 1200 புள்ளிகள் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தும், பணம் கட்டிப் பார்க்கும் ஓடிடி செயலிகளில் படம் மங்கலாகவே வந்தது. படங்களை யாரும் திருட்டுப் பிரதி எடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் சாதனத்துக்கு உயர்நிலையான எல்1 சான்று இல்லை, கீழ்நிலையான எல்3 மட்டுமே உள்ளது, அதனால் அந்தச் செயலிகள் 480 புள்ளி வரிசைகளுக்கு மேல் தெளிவு தருவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இதைப் பெட்டியின் எந்த மூலையிலும் தாங்கள் எழுதவில்லை. அதற்கும் நான் புகார் செய்யவில்லை. கேமரா பற்றிப் பேச்சே வேண்டாம். விலைக்கேற்ற குறைகள் எவையோ அவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்துத்தான் வாங்கினேன். பெட்டிக்குள் தாங்களே வைத்துக் கொடுத்த சார்ஜர் அந்தப் பட்டியலில் இல்லை.

மார்ச் மாதக் கடைசியில் கோளாறு தொடங்கியது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது யாரும் தொடாமலேயே திரை தானாக நகர்ந்தது. நாளிதழின் பக்கம் மேலும் கீழும் குதித்தது. தட்டச்சுப் பலகையில் ‘க’ என்ற எழுத்து வரிசையாக விழுந்துகொண்டே போனது. 7,000 எம்ஏஹெச் பேட்டரிக்கு 10 வாட் சார்ஜர் கொடுத்திருக்கிறீர்கள், முழுதாக ஏற நான்கு மணி நேரம் பிடிக்கிறது, ஆகவே சார்ஜில் வைத்துக்கொண்டே பார்ப்பதைத் தவிர்க்க இயலாது. ஒருநாள் இரவு 11 மணிக்கு, மேசைமேல் கிடந்த டேப்லெட் தன்னிச்சையாக வாட்ஸ்அப்பைத் திறந்து, ஒரு கட்சிக்காரரின் எண்ணுக்கு வீடியோ அழைப்பு விடுத்தது. எடுத்தவர் அவருடைய மனைவி. நான் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அந்தக் கட்சிக்காரருக்கு நான் கொடுத்த விளக்கத்தை அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

09.04.2025 அன்று முதல் நடை. தங்கள் சேவை மையத்தில் டேப்லெட்டை வாங்கிய பெண் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ‘ரீசெட் செய்தால் சரியாகிவிடும்’ என்று உள்ளே எடுத்துப்போய், படங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேனா என்று ஒரு வார்த்தை கேட்காமல், அனைத்தையும் அழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பேரனின் காதணி விழாப் படங்கள் அதில் இருந்தன. அன்று மாலையே திரை பழையபடி ஆடத் தொடங்கியது.

இரண்டு நாள் கழித்து, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கைபேசி பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் காட்டினேன். அவர் எதையும் கழற்றவில்லை. தன்னிடம் இருந்த பவர் பேங்கைச் சொருகினார், திரை அசையவில்லை. கடையிலிருந்த வேறொரு சார்ஜரைச் சொருகினார், அப்போதும் அசையவில்லை. தங்கள் பெட்டிச் சார்ஜரைச் சொருகிய அரை நிமிடத்தில் திரை நடுங்க ஆரம்பித்தது. ‘சார்ஜர்ல இருந்து கரண்ட் சுத்தமா வரல சார், அதான் டச் குழம்புது, டேப்லெட்ல ஒண்ணும் இல்ல’ என்று சொல்லிவிட்டு, கூலியாக ஒரு பைசா வாங்கவில்லை. மொத்தம் ஐந்து நிமிடம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் இருக்கும் தம்பிக்குத் தெரிந்தது, அந்தச் சாதனத்தைச் செய்த நிறுவனத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதை நான் எப்படி நம்புவது? தெரிந்தே அலையவிட்டீர்கள் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த விவரத்தை 21.04.2025 அன்று இரண்டாம் நடையாக வந்து, மேற்படி சேவை மையத்திலேயே சொன்னேன். சார்ஜரைச் சுவரில் சொருகிக் காட்டவும் செய்தேன். தங்கள் மையத்தின் பிளக்கிலேயே திரை ஆடியது. ‘தொழில்நுட்ப ஆள் விடுப்பில் இருக்கிறார், போனில் நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள்’ என்று டோக்கன் சீட்டோடு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டு வெப்பத்தாளில் அச்சானது, வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் அன்றே அரப்பாளையத்தில் ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். நல்ல வேளை. அசல் சீட்டு இப்போது வெறும் வெள்ளைத் தாள்.

அந்தத் தேதியைத் தயவுசெய்து கவனியுங்கள். தங்கள் வாரண்டி அட்டையின்படி டேப்லெட்டுக்கு ஓராண்டு, சார்ஜருக்கும் கேபிளுக்கும் ஆறு மாதம். ஆறு மாதம் முடிவது 27.04.2025. நான் வந்தது அதற்கு ஆறு நாள் முன்பு.

இனி அந்த மனிதரைப் பற்றி. மே 15 அன்று நான்காம் நடையாக வந்தபோது கவுண்டரில் இருந்த இளைஞர், என் பில்லைப் பார்த்துவிட்டு, ‘சார்ஜர் வாரண்டி போன மாசமே முடிஞ்சிருச்சு’ என்றார். முடிவதற்கு முன்பே வந்தேன் என்று டோக்கன் நகலைக் காட்டினேன். அதை அவர் கையில் வாங்கவே இல்லை. உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை என்றார். தங்கள் மையத்திலும் ஆடியதே என்றேன். அதற்கு அவர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும் பெருசு’ என்றார். பெருசு! எங்கள் ஊர்ப்பக்கம் அந்தச் சொல் டீக்கடையில் புழங்கும், நானும் கேட்டவன்தான். ஆனால் காசு கொடுத்துப் பொருள் வாங்கியவரைக் கவுண்டரில் நிற்கவைத்துச் சொல்லும் சொல் அல்ல அது. சார்பதிவாளர் முதல் கோடிக்கணக்கில் நிலம் வாங்குபவர் வரை ‘ஐயா’ என்று அழைக்கும் ஒருவனை அப்படி அழைத்தார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு கல்லூரி மாணவிகள் சிரித்தார்கள். அன்றைய தேதியில், முற்பகல் 11.20 மணிக்கு, இரண்டாம் கவுண்டரில் இருந்தவர் யார் என்பதைத் தாங்கள் எளிதில் கண்டறியலாம். அவர் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதை என் கோரிக்கைகளில் முதலாவதாக வைக்கிறேன்.

மூன்றாம் நடையைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. தொலைபேசியில் நேரம் கேட்டபோது, மே 12 திங்கட்கிழமை காலை 10.30 மணி என்று ஒதுக்கினார்கள். அம்மா, அன்று மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, மையம் திறந்திருக்குமா என்று இரண்டு முறை கேட்டேன். ‘சிஸ்டத்தில் திறந்திருப்பதாகக் காட்டுகிறது சார், அதை விட்டால் அடுத்த நேரம் 26ஆம் தேதிதான்’ என்று பதில் வந்தது. சிஸ்டத்தை நம்பிப் புறப்பட்டேன். அரப்பாளையத்தில் இறங்கினால் ஆட்டோ கிடையாது. தங்கள் மையமோ வைகைக்கு வடகரையில். அழகர் வடக்கிலிருந்து ஆற்றுக்கு வந்து சேர்ந்த அதே காலையில், நான் தெற்கிலிருந்து வடக்கே, இலட்சக்கணக்கான மக்களுக்கு எதிராக, நடந்தே ஆற்றைக் கடந்தேன். தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் வழியெல்லாம் இருந்ததால், டேப்லெட்டை இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். அதன்மேல் ஒரு சொட்டு நீர் படவில்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். அடுத்ததாகத் தாங்கள் ஈரம் என்று சொல்லக்கூடும். மையத்தின் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்தில் நீர்மோர்ப் பந்தல் வைத்திருந்தவர்கள்தான் உட்காரச் சொல்லி ஒரு குவளை மோர் கொடுத்தார்கள்.

மே 15 அன்று வாங்கி வைத்த டேப்லெட்டை 34 நாள் கழித்து, ஜூன் 18 அன்று ஐந்தாம் நடையில் திருப்பித் தந்தார்கள். திரையின் இடது ஓரம் சட்டத்திலிருந்து நகத்தளவு தூக்கியிருக்கிறது, இரவில் அந்த இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது, ஒலி கூட்டும் பொத்தான் உள்ளே அமுங்கிவிட்டது. கூடவே, ‘திரையில் அழுத்தம் பட்டுச் சேதம், வாரண்டிக்கு உட்படாது, மாற்ற 4,850 ரூபாய்’ என்று ஒரு சீட்டு. நான் ஒப்படைத்தபோது எழுதிய ஜாப் ஷீட்டில் ‘வெளித்தோற்றம் நன்று’ என்று தங்கள் ஆளே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். பத்திரத்தில் இப்படி ஒரு முரண்பாடு இருந்தால் சார்பதிவாளர் அதை என் முகத்தில் வீசியெறிவார்.

எனக்கு நேர்ந்த இழப்பு 11,999 ரூபாயோடு நிற்கவில்லை. மே 15 அன்று நான் கடையில் இல்லாததால், ஒரு கிரயப் பத்திரம் அடுத்த கடை எழுத்தரிடம் போய்விட்டது. அந்தக் குடும்பம் என் தகப்பனார் காலத்திலிருந்து எங்களிடம் வருவது. இனி அவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், உயில் அனைத்தும் அங்கேதான் போகும். அதையும், பேருந்துச் செலவையும், காதணிப் படங்களையும், மன உளைச்சலையும் கணக்கிட்டால் இரண்டு இலட்சம் ரூபாய் என்பது குறைவான மதிப்பீடே.

ஆயினும் தங்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. புதிய டேப்லெட்டும் நல்ல சார்ஜரும், அல்லது பில் தொகை முழுவதும், மேற்சொன்ன வருத்தக் கடிதத்துடன் வந்தால், இரண்டு இலட்சத்தை மறந்துவிடுகிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் அப்படி நடக்காவிடில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 இலட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. காலவரம்பு இரண்டு ஆண்டு, அவசரமும் இல்லை. மனு எழுதும் கூலியும் எனக்கு மிச்சம்.

பில், வாரண்டி அட்டை, டோக்கன் சீட்டின் நகல், ஜாப் ஷீட், சேத மதிப்பீட்டுச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். சார்ஜரை அனுப்பவில்லை. அது என் மேசை இழுப்பறையில், உறையிலிட்டு அரக்கு வைக்கப்பட்டு, பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

பி.கு.: தொலைபேசியில் அழைப்பதாயின் மாலை 6 மணிக்கு மேல் அழைக்கவும். பகலில் கட்சிக்காரர்கள் முன் இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அழைப்பவர், முதலிலிருந்து சொல்லுங்கள் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.