என் 17ஆம் நம்பர் மேஜையை வேறு ஆளுக்குக் கொடுத்தது பற்றிய புகார்

பெறுநர்: கிளை நிர்வாகி, கோ-வொர்க்கிங் (மேஜை வாடகை) மையம், வண்ணார்பேட்டை, திருநெல்வேலி
நகல்: தலைமை அலுவலகம்

ஐயா,

வணக்கம். இது நான் அனுப்பும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் 'உங்கள் புகார் பதிவாகிவிட்டது' என்ற ஒரே பதில்தான் வந்தது. நேரில் வந்தால் மகாராஜநகர் கிளையில் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே போனால் வண்ணார்பேட்டையில்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். இப்படி இரண்டு தடவை அலைந்துவிட்டேன்.

நான் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவன். ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாதாந்திர வரிக் கணக்குத் தாக்கலுக்கு 20ஆம் தேதிதான் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து கல்லிடைக்குறிச்சியில் பராமரிப்பு வேலைக்காகக் காலை 9 மணியிலிருந்து கரண்ட் இல்லை. இந்த மாதிரி நாளுக்காகத்தான் மாதம் 5,500 ரூபாயும் அதற்கு மேல் 18 சதவீதம் வரியும் கட்டி உங்களிடம் ஃபிக்ஸ்டு சீட், அதாவது எனக்கென்றே ஒதுக்கிய மேஜை, எடுத்திருக்கிறேன்.

வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று பஸ் நின்று நின்று வந்தது. புது பஸ் ஸ்டாண்டில் மாறி உங்கள் வாசலுக்கு வரும்போது மணி பத்து. செக்யூரிட்டி, "அண்ணாச்சி, உள்ள எடமே இல்லையே, ஆப்புல பாக்கலியா?" என்றார். பஸ்ஸிலேயே பார்த்தேன் ஐயா. ஆறு இடம் காலி என்று பச்சையில் காட்டியது. உள்ளே போனால் என் மேஜையில் யாரோ ஒரு பையன். என் பெயர் எழுதி ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து, அதன் பின்பக்கம் வைஃபை பாஸ்வேர்டை எழுதி அவனிடம் கொடுத்திருந்தார்கள். அவனைக் குறை சொல்ல மாட்டேன், 350 ரூபாய் ஜிபே பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தான்.

கவுன்டரில் இருந்த தங்கச்சி மரியாதையாகத்தான் பேசினாள். கஸ்டமர் கேருக்குப் போடுங்கண்ணே என்றாள். 22 நிமிஷம் பாட்டுக் கேட்டபிறகு ஒருவர் எடுத்தார். "ஒன்பதரைக்குள்ள செக்-இன் பண்ணலைன்னா சீட் ரிலீஸ் ஆயிடும் சார். டெர்ம்ஸ்ல இருக்கு. படிக்கத் தெரியும்ல?" என்றார்.

படிக்கத் தெரியும்லவாம்! ஊரில் பாதிக் கடைக்காரர்கள் தங்கள் கணக்கை என் கையில் கொடுத்து, நான் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அன்று ராத்திரி உங்கள் டெர்ம்ஸை வரிக்கு வரி படித்தேன். ஒன்பதரை மணி விதி, காலியான எந்த மேஜையிலும் உட்காருகிற ஃப்ளெக்ஸி சீட்டுக்குத்தான். ஃபிக்ஸ்டு சீட்டுக்கு அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. உங்கள் திட்டம் உங்கள் ஆளுக்கே தெரியவில்லை.

இடம் கிடைக்குமா என்று இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. நேரடியாக வந்து பணம் கொடுப்பவர்களைக் கவுன்டரில் ஒரு நோட்டில் எழுதுகிறார்கள், ஆப்பில் ஏற்றுவதில்லை. உறுப்பினர்களைப் பார்க்க வருகிறவர்கள் அந்த நோட்டிலும் இல்லை. எங்களைப் போன்ற மாதக்காரர்கள் வரச் சற்றுத் தாமதமானால் எங்கள் நாற்காலியும் 'காலி' கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் ஆறு என்ன, பத்துகூடக் காட்டும். மிஞ்சி வந்தவர்களுக்கு அவசர வழியை மறித்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தீர்கள். தீ கீ பிடித்தால் யார் பதில் சொல்வது?

எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற கணக்கில் விற்கிறீர்கள். சரி, மற்ற நாளுக்கு அது ஒத்து வரலாம். விற்பனை விவரம் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, 3பிக்கு 20 என்று தேதி முன்பே தெரிந்ததுதான். மின்தடை அறிவிப்பும் முந்தின நாளே பேப்பரில் வந்துவிடுகிறது. அந்த நாட்களில் மட்டுமாவது ஒரு நாளுக்கு விற்கிற டே பாஸை நிறுத்தி வைக்கக் கூடாதா?

கடைசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஜிஎஸ்டி போர்ட்டல் திணற ஆரம்பித்தது. 11 கணக்கில் எட்டுதான் முடிந்தது. மீதி மூன்றுக்கும் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. பணம்கூடப் பெரிதில்லை. 14 வருஷமாக என்னிடம் கணக்குக் கொடுத்த அரிசி ஆலைக்காரர், "என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, ஃபைலை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போனால் அவர் சொல்லி வந்த பத்துப் பேரும் போவார்கள். என் கணக்கில் நஷ்டம் மூன்று லட்சத்துக்குக் குறையாது.

தயவுசெய்து அந்த மாதச் சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள். மூன்று கணக்குகளுக்கு நான் கைக்காசு போட்டுக் கட்டிய தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் கொடுங்கள். நேரில் வருகிறவர்களையும் ஆப்பில் ஏற்றுங்கள், ஃபிக்ஸ்டு சீட்டை எந்த நேரத்திலும் காலி என்று காட்டாதீர்கள். அந்த போன் பேச்சின் பதிவைக் கேட்டுவிட்டு, பேசியவரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வாங்கித் தாருங்கள். இதை நான் விடப்போவதில்லை.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிந்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடுவேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீது, ஆப்பில் பச்சையாகக் காட்டிய படம், கிழித்த சீட்டு மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சீட்டை அந்தப் பையனே போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

உங்கள் இடம் எனக்குப் பிடித்த இடம்தான் ஐயா. ஜெனரேட்டர் நிற்பதில்லை, நெட்டும் நன்றாக இருக்கிறது. வருகிற 20ஆம் தேதியும் வருவேன். பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் 17ஆம் நம்பர் மேஜை எனக்காகக் காலியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
17ஆம் நம்பர் மேஜை உறுப்பினர்,
கல்லிடைக்குறிச்சி