வாக்குக் கேட்டவளையும் சோலார் விற்றவளையும் வேறாகப் பார்த்தவர்களுக்கு

அன்பான மட்டக்களப்பு எழுவான்கரை, படுவான்கரை உறவுகளுக்கும் அம்பாறை மாவட்டத்து நண்பர்களுக்கும்,

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நான் வெற்றிபெறவில்லை. எனக்கு வாக்களித்தவர்களுக்கு வீடு வீடாக வந்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மடல் பெரும்பாலும் எனக்கு வாக்களிக்காதவர்களுக்கு. சூரிய மின்சக்தி நிறுவனமொன்றின் கிழக்குப் பிராந்திய முகாமையாளராக இருந்துகொண்டே கட்சி வேலையும் செய்ய என்னால் முடிந்தது. இரண்டையும் கலக்காமல் என்னோடு பழகிய உங்களால்தான் அது முடிந்தது.

முதலில் சம்மாந்துறை அரிசி ஆலை ஹாஜியார். 2016 செப்டெம்பரில் கூரைச் சோலாருக்கான அரசின் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் வந்தபோது, கூரையில் உற்பத்தியாகி மிஞ்சும் மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபாய், அடுத்த 13 ஆண்டுகள் 15 ரூபாய் 50 சதம் என்று நாங்கள் விளக்கிக்கொண்டு திரிந்தோம். பலர் நம்பவில்லை. ஹாஜியார் மட்டும் உமித்தூசி படிந்தால் உற்பத்தி எவ்வளவு குறையும், தகடுகளை யார் கழுவுவது என்று கேட்டார். விடை திருப்தியானதும் கூரையைத் தந்தார். ஆலை ஓடுவதும் பகலில், வெயில் எரிப்பதும் பகலில் என்று மற்ற ஆலைக்காரரிடம் எனக்காகப் பேசியவரும் அவரே. எங்கள் கட்சிக்கு அவர் ஒருநாளும் வாக்களித்ததில்லை. அதை என் முகத்துக்கு நேரே சொல்வார். நான் மேடை ஏறிய பிறகும் அவருடைய பராமரிப்பு ஒப்பந்தம் எங்களிடமே இருக்கிறது.

உகணவிலிருந்து வந்த எங்கள் தலைமைத் தொழில்நுட்பவியலாளருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை உப்புக் காற்றில் சாதாரண இரும்பு ஆணி தாங்காது என்று, துருப்பிடிக்காத உருக்கு இல்லாமல் ஒரு கூரையிலும் அவர் கை வைத்ததில்லை. பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக அவர் பழக்கிய வெல்லாவெளிப் பையன்கள் இன்று தனிக் குழு வைத்து வேலை செய்கிறார்கள்.

போரதீவுப்பற்றில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, பொறுப்பான வட்டவிதானை ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யானை வேலியில் மின்சாரம் பலவீனமாக இருந்தபோது, புதிய மின்கலம் கேட்பதற்கு முன்னால் என்னை வேலியோரமாக நடக்கவைத்தார். மாரி மழைக்கு வளர்ந்த புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டு, அந்த வழியாக மின்சாரம் நிலத்துக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. வட்டைக்காரரை முறைவைத்துப் புல் வெட்டவைத்தார், வேலி உயிர்பெற்றது. எங்கள் கட்சியின் எரிசக்தி முன்மொழிவில், வேலி அமைக்கும் பணத்தோடு பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும் என்ற பகுதி அவருடையது. நான் அதை எழுதினேன், அவ்வளவுதான்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. கூரை நிறையத் தகடு இருந்தும் வீடு ஏன் இருண்டு கிடக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். மின்தொடரில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, வெளியில் மின்சாரம் நின்றால், தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெட்டரும் நின்றுவிடும். சேமிப்பு மின்கலம் இல்லாத வீட்டில் வேறு வழியில்லை. பொறியியலாளராக அந்த விடை சரி. ஆனால் மின்கலத்துக்கு வரி எவ்வளவு, கடன் யாருக்கு என்பதெல்லாம் முடிவாகும் இடம் வேறு. அந்தக் கிழமைகளில்தான் எங்கள் கட்சிக் கிளைச் செயலாளர் மாஸ்டர் என்னைக் கட்சி வேலைக்கு அழைத்தார்.

அப்போது நிறுவனத் தலைவர் ஒன்றை எழுத்தில் கேட்டார்: எந்த உள்ளூராட்சி மன்றத்தின் கேள்விப்பத்திரத்திலும் நான் தலையிடக்கூடாது. மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, கட்சியிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று வாங்கி வைத்தார். இருவருக்கும் என் வணக்கம்.

2023 ஜனவரியில் வேட்புமனு கொடுத்தோம். தேர்தல் தள்ளிப்போனது, பிறகு அந்த மனுக்களே இரத்தாகின. 2025 மார்ச்சில் மீண்டும் கொடுத்தோம். பிரசாரம் சூடுபிடித்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்சாரத் தேவை குறைவென்று கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி நாடு முழுவதும் கேட்டுக்கொள்ளப்பட்டது. வாக்குக் கேட்டுப் போன வாசல்களில் "எங்கள் வருமானத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தரும் ஏற்பாடு நாட்டுக்கு வேண்டும் என்பதே அன்றும் இன்றும் என் பதில். அந்த நாட்களில் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. ஒரு அழைப்பிலும் கட்சியின் பெயரை எடுக்காமல் எல்லோருக்கும் பொறுமையாக விளக்கிய தங்கைமாரே, உங்களை மறக்கமாட்டேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமிக்கும், நோட்டீஸ் ஒட்டிய தம்பிமாருக்கும், எதிரணியில் நின்றும் வழியில் கண்டால் தேநீருக்கு அழைத்த அக்காவுக்கும் நன்றி.

முகாமையாளர் பொறுப்பை இனி எங்கள் அலுவலகத் தங்கை ஒருவர் ஏற்கிறார். நான் கட்சியின் எரிசக்திக் குழுவில் முழுநேரமாக இருப்பேன். பராமரிப்புக்கு வழக்கம்போல அலுவலகத்தையே அழையுங்கள்; வேலியையும் மின்மாற்றியையும் பற்றிய முறைப்பாடுகளோடு என் வீட்டுக்கு வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் வட்டார வேட்பாளர்