மகளுக்கு, வட்டக்கச்சியிலிருந்து

அன்பு மகள்,

நாங்கள் சுகம். இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, வயல் வேலை தொடங்கியாயிற்று. அம்மாவின் முழங்கால் நோவும் கொஞ்சம் குறைவு. ஊர்ப் புதினம் இவ்வளவுதான்.

போன கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் பக்கத்து வலைப்பந்து அணிக்கு ஆள் குறைகிறதென்று கூப்பிட்டார்களாம். "37 வயதில் இனி என்னப்பா" என்றுவிட்டு, உடனே பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டாய். அந்த 37 எனக்கு வேறொருவரை நினைவுபடுத்தியது. அப்போது சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜப்பானின் டென்னிஸ் வீராங்கனை கிமிகோ டாடே. கியோட்டோவில் பிறந்தவர். உயரம் 163 சென்ரிமீற்றர்தான், உன்னைவிடக் கட்டை. பந்து நிலத்தில் குத்தி எழும்பும்போதே, உச்சிக்குப் போகவிடாமல் அடிப்பார். எதிரே நிற்பவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பிறவியில் இடக்கைக்காரி, ஆனால் விளையாடியது வலக்கையால். (உன் இடக்கையை அப்பம்மா சோற்றுக் கோப்பையிலிருந்து தட்டிவிடுவது ஞாபகமா? ஆனாலும் கோல் போட அந்தக் கைதான் உயரும்.) 1995இல் உலகத் தரவரிசையில் 4ஆம் இடம். 1996இல், நீ இருக்கிற லண்டனில்தான், விம்பிள்டன் அரையிறுதி. ஸ்டெபி கிராபிடம் முதல் செட்டை 2-6 என்று இழந்து, அடுத்ததை 6-2 என்று திருப்பி எடுத்தார். அந்த நேரம் பார்த்து இருட்டிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். மறுநாள் கிராப் வென்றுவிட்டார். கை வந்துகொண்டிருந்த நேரத்தில் நின்றுபோனதே என்று எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். அந்த வருசக் கடைசியோடு, 26 வயதில், டாடே விளையாட்டை விட்டார்.

அதே 1996இல், சண்டையில் இடம்பெயர்ந்து, உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் கிளிநொச்சியிலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட காலம். டென்னிஸைப் பற்றி யார் நினைத்தார்கள்? இதெல்லாம் பிறகு போனில் தேடித் தேடிப் பார்த்ததுதான்.

கலியாணம் முடித்தார், லண்டன் மரதன் ஓடினார். அப்படியே 12 வருசம் போனது. பிறகு 2008இல், 37 வயதில், கிஃபு என்ற ஊரில் ஒரு சின்னப் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கினார். 4ஆம் இடத்தில் இருந்தவர் அடிப்படியில் வந்து நின்றார், பிள்ளை. ஒற்றையரில் இறுதியாட்டம் வரை போனார். இரட்டையரில் 16 வயதுப் பெட்டை ஒருத்தியோடு சேர்ந்து வென்றார்.

அந்த 2008இல் உனக்கு 19. பாயும் சட்டி பானையும் ட்ராக்டரில் ஏறின, உன் சப்பாத்து வீட்டோடு போய்விட்டது. 2009 செப்டெம்பர் 27 அன்று டாடே சியோலில் சம்பியன். அடுத்த நாள் அவருக்கு 39 வயது. நாங்கள் செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வாளிக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மீள்குடியேறி வந்த பிறகு, விளையாட்டு மாஸ்டர் ஒருவர் உன்னை அணிக்குக் கேட்டு வீடு தேடி வந்தார். தறப்பாள் கொட்டில் வாசலில் நின்று நான்தான் சொன்னேன், "இனி என்ன சேர் விளையாட்டு, பிள்ளைக்கு ஒரு வழி பார்க்க வேணும்" என்று. நீ உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். சுளகுச் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தால் திரும்பக் கேட்டது. நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன் மகள், ஆனாலும் பிழை பிழைதான். அந்தச் சொல்லை இன்றைக்குத் திருப்பி எடுக்கிறேன்.

உடம்பு நோகாது என்று பொய் சொல்ல மாட்டேன். டாடே 40 வயதில் விம்பிள்டனில் வீனஸ் வில்லியம்ஸை மூன்றாவது செட்டில் 8-6 வரை இழுத்தார். பிறகு முழங்காலில் சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகும் வந்தார். 2017இல் டோக்கியோவில், 46 வயதில், கடைசி ஆட்டத்தை 0-6, 0-6 என்று தோற்றார். ஒரு கேம்கூட எடுக்கவில்லை. ஆனால் எப்போது நிறுத்துவதென்று அவரே முடிவெடுத்தார்.

நல்ல சப்பாத்தாக வாங்கு, முழங்காலுக்கு உறை போடு. பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி மருமகனிடம் நான் கதைக்கிறேன். முதல் ஆட்டம் முடிந்ததும், இங்கே நடுச்சாமம் என்றாலும் எடு. எத்தனை கோல் என்று சொல்லு. அம்மாவும் முழித்துத்தான் இருப்பா.

அன்புடன்,
அப்பா