மல்லிகாவுக்கு, புழுத்தொட்டி பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்துவிடுகிறார்கள். இன்று வீட்டில் நான் மட்டும்தான். அதனால் நீளமாகவே எழுதப் போகிறேன், கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்.

முழங்கால் பரவாயில்லை. படி ஏறிவிடுகிறேன், இறங்கும்போதுதான் கைப்பிடி தேடுகிறது. சின்னவள் வேலை மாறிவிட்டாள். சம்பளம் குறைவு, ஆனால் இப்போதெல்லாம் இரவில் தூங்குகிறாளாம், அது போதும். நீ தோட்டத்தை விட்டுவிட்டுப் பால்கனி வீட்டுக்கு வந்ததைப் படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் அட்டைப் பெட்டிகளைப் பிரிப்பதற்குள் "இங்கே புழுத்தொட்டி வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாய் பார், நீ மாறவே இல்லை.

வைக்கலாம். மண்புழுவை விட்டுச் சமையலறைக் கழிவை உரமாக்குகிற தொட்டிக்குப் பால்கனியே போதும். அண்ணா மூன்று ஆட்சேபம் சொன்னதாக எழுதியிருந்தாய்: நாறும், பூச்சி மொய்க்கும், புழு வெளியே வந்து வீடெல்லாம் ஊரும். அவர் சொல்வது வீண் பயம் இல்லை, மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் நடந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: அளவுக்கு மீறித் தீனி போடுவது. உன்னை நினைத்தால் எனக்கு அதுதான் கவலை. "போதும்" என்று தட்டை மறைத்தாலும் இன்னொரு கரண்டி போடுகிற கை உனக்கு. புழுவுக்குத் தட்டை மறைக்கத் தெரியாது.

முதலில் புழு. பூங்காவிலோ வயலிலோ தோண்டி எடுத்துவந்து போட்டுவிடாதே. நான் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது: மண்புழு என்றால் எல்லாம் ஒன்றல்ல. மார்செல் பூஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1970களில் அவற்றை வாழும் இடத்தைக் கொண்டு மூன்றாகப் பிரித்தார். சில நிலத்துக்குள் செங்குத்தாக ஆழமான வளை தோண்டி, இரவில் மேலே வந்து இலையை இழுத்துக்கொண்டு போகும். சில மண்ணுக்குள்ளேயே கிடைமட்டமாகத் திரிந்து மண்ணையே தின்னும். மூன்றாவது வகைக்கு மண்ணே தேவையில்லை. உதிர்ந்த இலைக்கு அடியிலும் சாணக் குவியலிலும் மேல்மட்டத்தில் வாழும். தொட்டிக்கு வேண்டியது இந்த மூன்றாவது வகைதான். ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜீனியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்று விற்பவர்கள் சொல்வதெல்லாம் இந்த இனம். ஆழத்துப் புழுவைத் தொட்டியில் போட்டால் அது வெளியேறப் பார்க்கும், இல்லையென்றால் சாகும்.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆழம் குறைவாக, அகலம் அதிகமாக இருக்கட்டும். ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் வீண், புழு அங்கே போகாது, காற்றும் போகாது. ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கவாட்டில் மேற்பகுதியிலும் அடியிலும் துளை, அடியில் ஒரு தட்டு. அழகான அடுக்குத் தொட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் புழு கூடுதலாக வேலை செய்யாது, உனக்குக் கிளறுகிற வேலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இடம்தான் முக்கியம். 15 முதல் 25 டிகிரி வரை அவை சுகமாக இருக்கும். 30 தாண்டினால் சோர்ந்துபோகும், 35க்கு மேல் செத்துவிடும். ஆகையால் பால்கனியில் வெயில் நேரே விழும் மூலை வேண்டவே வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலும் வைக்காதே, அதிர்வு அவற்றுக்கு ஆகாது.

அதிர்வு என்றதும் டார்வின் ஞாபகம் வருகிறார். கடைசிக் காலத்தில், 1881இல் மண்புழு பற்றிய புத்தகத்தை வெளியிட்டுவிட்டு, மறு வருஷம் இறந்துபோனார் அந்த மனிதர். வீட்டுக்குள் பூந்தொட்டிகளில் புழு வளர்த்து, அவற்றுக்கு விசில் ஊதி, பஸூன் என்ற குழல் வாத்தியத்தை வாசித்து, கத்திக்கூடப் பார்த்திருக்கிறார். எதற்கும் அவை அசையவில்லை. பக்கத்தில் பியானோ வாசித்தாலும் கண்டுகொள்ளவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் சடாரென்று வளைக்குள் போய்விட்டன. காது இல்லை, உடம்பெல்லாம் அதிர்வை உணரும். உன் மாமியார் சத்தமாகப் பேசுவதால் புழுக்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அண்ணாவிடம் சொல்லிவிடு.

படுக்கைக்கு வரிவரியாகக் கிழித்த செய்தித்தாள், பசை நாடா ஒட்டாத அட்டை, காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, எது கிடைக்கிறதோ அது. பளபளப்புத் தாள் வேண்டாம். நார்க்கழிவில் சில நேரம் உப்பு இருக்கும், கழுவிப் பிழிந்து போடு. ஈரம் எவ்வளவு என்று கேட்பாய்: ஒரு பிடி எடுத்து நன்றாகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. புழு தோலால்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சு இல்லை, தண்ணீர் தேங்கிக் காற்று போனாலும் மூச்சு இல்லை. கூடவே ஒரு பிடி தோட்ட மண்ணோ முட்டை ஓட்டுத் தூளோ சேர்த்துவிடு. புழுவுக்குப் பல் கிடையாது, அரைவைப்பைக்குள் போகிற அந்த நறநறப்புதான் உணவை அரைக்கிறது.

இப்போது தீனி. இங்கேதான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். புழு நேராக வாழைப்பழத் தோலைக் கடித்துத் தின்பதில்லை. தோலில் முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறி அதை இளக்க வேண்டும். அந்தக் கூழையும் அதில் இருக்கும் நுண்ணுயிரையும் சேர்த்துத்தான் புழு உறிஞ்சுகிறது. ஆக, நீ தீனி போடுவது நுண்ணுயிர்களுக்கு. அவை முடித்த பிறகுதான் புழுவின் பந்தி. இது புரிந்துவிட்டால் ஏன் அவசரப்படக் கூடாது என்பதும் தானே புரியும். நீ இன்று போட்டதை அவை இன்று தொடாது. தொடவில்லையே, பிடிக்கவில்லையோ என்று நாளைக்கு வேறொன்றைப் போடுவாய். நாலாம் நாள் எல்லாம் சேர்ந்து புளிக்க ஆரம்பிக்கும், சூடேறும், அமிலமாகும். அடியில் காற்று தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா கை ஓங்கும். அண்ணா பயப்படுகிற நாற்றம் அவற்றின் வேலை. புழு வெளியே ஓடுவதும் அதனால்தான்.

ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதி அளவு தின்னும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் கச்சிதமாக அமைந்த, பழகிய தொட்டியில் அது நடக்கலாம். புதுத் தொட்டிக்கு அதில் பாதி கூட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஒரு மூலையில் ஒரு கைப்பிடி புதைத்து, மேலே கிழித்த தாளைப் போட்டு மூடு. அடுத்த தடவை வேறு மூலை. பழைய மூலையைத் தோண்டிப் பார்த்து, அங்கே போட்டது அடையாளம் தெரியாமல் போயிருந்தால்தான் அடுத்த கைப்பிடி. ஒவ்வொரு தடவையும் போட்ட காய்கறிக் கழிவின் அளவுக்காவது தாளும் போட்டுவிடு. தாளின் கார்பனும் கழிவின் நைட்ரஜனும் சரிக்கட்ட வேண்டும். தாள் அதிகமானால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். கழிவு அதிகமானால்தான் வம்பு. பொடியாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் அதற்காக மிக்சியில் அடித்துக் கூழாக்கி ஊற்றாதே, காற்று புகாத ஒரே கட்டியாகிவிடும்.

எது வேண்டாம் என்ற பட்டியலில் இறைச்சி, பால் பொருள், எண்ணெய், உப்புப் போட்டுச் சமைத்த உணவு ஆகியவற்றில் எனக்கு மறுப்பில்லை. உப்பு அந்தத் தோலுக்கு விஷம். புளிப்புப் பழத் தோல் கொஞ்சம் போனால் பரவாயில்லை, குவிந்தால் அமிலம். வெங்காயத்தை மட்டும் எல்லோரும் ஏதோ குற்றவாளி போலப் பேசுகிறார்கள். தன் புழுக்கள் முட்டைகோஸையும் வெங்காயத்தையும் விரும்பித் தின்றதாக டார்வினே எழுதியிருக்கிறார். அவர் வைத்திருந்தது வேறு இனம் என்பது சரிதான், இருந்தாலும் நாலு துண்டு வெங்காயத்தால் ஒன்றும் ஆகாது. மொத்தமாகக் கொட்டினால் அழுகும்போது நாற்றம் தாங்காது, அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள். தேயிலைப் பைகளைக் கவனி, சிலவற்றின் உறை பிளாஸ்டிக் இழை. கடைசி வரை அப்படியே கிடக்கும்.

பூச்சி விஷயத்தில் அண்ணாவுக்கு முழு உத்தரவாதம் தர முடியாது. பழ ஈக்களின் முட்டை தோலோடு வீட்டுக்கே வந்துவிடுகிறது. பழத் தோலை உறைபெட்டியில் ஓரிரு நாள் வைத்துவிட்டுப் போட்டால் பெரும்பாலான முட்டை செத்துவிடும், தோலும் சீக்கிரம் இளகும். புதைத்து மூடினால் வரும் ஈயும் குறையும். மற்றபடி, மூடியைத் திறந்தால் புழு மட்டும் இருக்காது, ஒரு ஊரே இருக்கும். துள்ளிக் குதிக்கிற துளியூண்டு பூச்சிகள், மெதுவாக நகரும் பழுப்பு உண்ணிகள், நூல் போல வெள்ளைப் புழுக்கள். "குட்டி போட்டிருக்கிறது" என்று அந்த வெள்ளைப் புழுவைப் பார்த்துப் பலர் சந்தோஷப்படுவார்கள். குட்டிக்குச் சிவப்பு தெரியும், இவை வெறும் வெள்ளை. மண்புழுவின் தூரத்துச் சொந்தம், கெடுதல் செய்யாது. ஆனால் கும்பலாக வந்தால் தொட்டி புளித்து ஈரமாகிறது என்று பொருள். முட்டை ஓட்டுத் தூளைத் தூவி, தாள் சேர்த்து, கொஞ்ச நாள் பட்டினி போடு. எறும்பு வந்தால் நேர் எதிர், காய்ந்துவிட்டது. தொட்டியில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தே என்ன குறை என்று சொல்லிவிடலாம். மருந்து மட்டும் அடித்துவிடாதே.

ஊர்ந்து வெளியே வருமா? புது இடத்தில் முதல் சில இரவுகள் சுற்றிப் பார்க்கும். மூடிக்கு மேலே ஒரு விளக்கை எரியவிட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து வை. கண் கிடையாது, ஆனால் தோலில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன, வெளிச்சம் பட்டதும் உள்ளே போய்விடும். சிவப்பு வெளிச்சம் மட்டும் அவற்றுக்குத் தெரியாது. பேரன் வந்தால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக் காட்டு. அவன் நிச்சயம் கேட்பான், அதனால் சொல்கிறேன்: இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகாது. தலைப் பக்கம் பிழைத்தால் உண்டு, வால் பக்கத்துக்குப் பெரும்பாலும் புதுத் தலை முளைக்காது. கழுத்துக்குக் கொஞ்சம் கீழே தடித்த வளையம் உள்ளது பெரியது. ஆண் பெண் இரண்டும் ஒன்றிலேயே, ஆனாலும் பெரும்பாலும் ஜோடி சேர்ந்துதான் இனம் பெருகும். எலுமிச்சம்பழ வடிவில் கடுகளவுக்குச் சற்றே பெரிதாக மஞ்சள் மணிகள் தெரிந்தால் அவை முட்டைக்கூடுகள். ஒன்றிலிருந்து இரண்டு மூன்று குஞ்சு வரும். பெருகி வழியுமோ என்று பயப்பட வேண்டாம். இடமும் தீனியும் குறைந்தால் முட்டையும் குறைந்துவிடும். இதெல்லாம் நம் பழைய சோதனைக்கூடத்தில் மெழுகுத் தட்டில் குத்தி வைத்துப் பார்த்ததை விட எவ்வளவோ மேல்.

உரம் எடுக்க மூன்று நாலு மாதமாவது விடு. கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் தயார். ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மறுபக்கம் மட்டும் புதுப் படுக்கையும் தீனியும் போட்டு வந்தால் புழு தானே இடம் மாறிவிடும். அவசரமென்றால் வெளிச்சத்தில் சிறு கூம்புகளாகக் குவித்து வைத்து, அவை உள்ளே போகப் போக மேலிருந்து வழித்து எடு. செடித்தொட்டி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் தாராளம். முழுக்க அதிலேயே செடி வைத்தால் உப்பு அதிகமாகிச் செடி திணறும். தக்காளி விதை முளைத்து வந்தால் ஆச்சரியப்படாதே, இந்த உரம் குவியல் உரம் போலச் சூடேறுவதில்லை, அதனால் விதை சாகாது.

அடித்தட்டில் வடியும் கறுப்புத் தண்ணீரை அமுதம் மாதிரி பாட்டிலில் பிடித்து வைக்கிறார்கள். பாதி அழுகிய கழிவின் வழியே இறங்கிய நீர் அது. பூச்செடிக்கு நிறைய தண்ணீர் கலந்து ஊற்று, பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். அது நிறைய வடிந்தால் தொட்டி ஈரமாகிவிட்டது என்று பொருள், சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லாதே. உன் வீட்டுச் சமையலறைக் கழிவு முழுவதையும் ஒரு சின்னத் தொட்டி தாங்காது. மீதி எங்கே போகிறதோ அங்கேதான் போகும். கிடைக்கும் உரமும் சில தொட்டிச் செடிக்கே சரியாக இருக்கும். அதற்காக வைக்காதே என்று சொல்ல மாட்டேன். நீ மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று வாரம் இருந்தாலும், ஈரத் தாளை நிறைய போட்டு மூடிவிட்டுப் போனால் அவை பாட்டுக்கு இருக்கும். பூனை நாயிடம் இந்த வசதி இல்லை.

புழு விலைக்கு வாங்காதே, நான் தருகிறேன். தொட்டியைத் தயார் செய்து, ஈரப் படுக்கை போட்டு, இரண்டு வாரம் சும்மா விடு. அதன் நீள அகலத்தை மட்டும் அளந்து எழுது. சதுர அடிக்கு அரைக்கிலோ வரை விடலாம் என்பார்கள், நாம் அதில் பாதியில் தொடங்குவோம். அடுத்த மாதம் சின்னவள் உன் பக்கம் வேலையாக வருகிறாள், பழைய படுக்கையோடு சேர்த்துத் துளை போட்ட டப்பாவில் கொடுத்து விடுகிறேன். அவள் காரில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தால்! அண்ணாவின் ரத்த அழுத்தம் இப்போது எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சரோஜா