மே 1-ல மகளுக்கு ஓட்டு இல்ல, மே 4-ல எனக்கு இருந்தது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மொரிஷியஸ்ல இருந்து எழுதறேன். என் மக இங்கிலாந்துல வொர்த்திங்ன்ற கடலோர ஊர்ல ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸா இருக்கா. இந்த 2025 மே 1-ஆம் தேதி அவங்க வெஸ்ட் சசெக்ஸ் கவுன்ட்டி கவுன்சிலுக்கு, அதாவது மாவட்ட அளவு சபைக்கு, எலெக்ஷன் நடந்திருக்கணும், நடக்கல, 2026 மே மாசத்துக்கு தள்ளி வெச்சுட்டாங்க. மூணே நாள் கழிச்சு, மே 4 ஞாயித்துக்கிழமை, இங்க நான் போய் முனிசிபாலிட்டிக்கு ஓட்டு போட்டுட்டு வந்தேன், பத்து வருஷம் கழிச்சு. போன்ல சொன்னப்ப அவ "ஒரு வருஷம்தானேப்பா, விடுங்க"ன்னா. என்னால விட முடியல, அதான் இந்த லெட்டர்.

நமக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. 2015 ஜூன்ல ஓட்டு போட்டோம், ஆறு வருஷம் கழிச்சு 2021-ல மறுபடி வரணும், கொரோனான்னு தள்ளுனாங்க, அது நியாயம்தான்னு நானும் சொன்னேன், அப்புறம் இன்னொரு தடவ தள்ளுனாங்க, அப்புறம் மறுபடியும், கடைசில யாரும் கேக்கவே இல்ல. 2024 ஜனவரில பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ்ல கார் எல்லாம் தண்ணில மிதந்துச்சே, அப்ப நம்ம வார்டு கவுன்சிலர் யாருன்னு எங்க தெருவுல பாதி பேருக்கு தெரியல. 2015-ல எட்டு வயசா இருந்த புள்ள இப்ப ஓட்டு போடற வயசுக்கு வந்துருச்சு. ஆனா இந்த மே 4-ல ஸ்கூல் வாசல்ல கூட்டமே இல்லங்க, பெரும்பாலானவங்க வீட்டுலயே இருந்துட்டாங்க. பழக்கம் விட்டுப் போச்சு, எனக்கு அதுதான் மனசு தாங்கல.

2024 மே மாசம் நான் வொர்த்திங்ல இருந்தேன், அப்ப அங்க பரோ கவுன்சில் எலெக்ஷன், அது ஊர் அளவு சபை, குப்பை எடுக்கறது மாதிரி வேலைக்கு. ரோடு, ஸ்கூல், முதியோர் கவனிப்பு எல்லாம் கவுன்ட்டி பாக்கும். மக டியூட்டி முடிச்சு நேரா ஓட்டு போட வந்தா, ஓட்டுச்சாவடி காலைல 7 மணிலேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் தொறந்திருக்கும், அதனால ஷிப்ட்ல வேலை செய்யறவங்களுக்கும் கஷ்டம் இல்ல. கைல நம்ம மொரிஷியஸ் பாஸ்போர்ட், 2023-லேர்ந்து அங்க போட்டோ உள்ள அடையாளம் காட்டணும், காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட் செல்லும். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே, அங்க முறைப்படி குடியிருந்து லிஸ்ட்ல பேர் இருந்தா நம்ம ஆளுங்க ஓட்டு போடலாம், இது நிறைய பேருக்கு தெரியாது.

சின்ன எலெக்ஷன்தானேன்னு நெனைக்காதீங்க. அந்த ஊர்ல நாப்பது வருஷத்துக்கு மேல லேபர் கட்சிக்கு ஒரு கவுன்சிலர் கூட கெடையாது, 2017-ல மரீன் வார்டுல ஒரே ஒரு இடைத்தேர்தல்ல ஜெயிச்சாங்க, 2022-ல 37 சீட் உள்ள கவுன்சிலே அவங்க கைக்கு வந்துச்சு. நான் எந்த கட்சிக்கும் பேசல, அடிக்கடி ஓட்டு நடந்ததாலதான் அந்த மாற்றம் வந்துச்சுன்னு சொல்றேன். இப்ப கவுன்ட்டியையும் பரோவையும் கலைச்சு ஒரே அடுக்கு கவுன்சிலா மாத்தப் போறாங்களாம், அதுக்காகத்தான் இங்கிலாந்துல ஒன்பது இடத்துல 2025 எலெக்ஷன தள்ளுனாங்க. காரணம் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் மக தெனமும் பாக்கற வயசானவங்களோட கவனிப்பு அந்த கவுன்ட்டி கைலதான் இருக்கு, 2021-ல தேர்ந்தெடுத்தவங்களே 2026 மே வரைக்கும் அத முடிவு பண்ணணும்னு ஆயிடுச்சு.

உங்க பேப்பருக்கு ஒரு வேண்டுகோள். நம்ம தீவுலேர்ந்து எத்தனையோ புள்ளைங்க நர்ஸ் வேலைக்கு அங்க போயிருக்காங்க, அவங்களுக்கு ஓட்டு உரிமை இருக்குன்னு, பேர் பதிவு பண்ண கடைசி நாள் ஓட்டுக்கு 12 வேலை நாளுக்கு முன்னாடியே முடிஞ்சுரும்னு, அடுத்த எலெக்ஷன் வர்றதுக்கு முன்னாடியே பெருசா போடுங்க. என் மகளுக்கு நான் இப்பவே சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
மொரிஷியஸ் வாசகர் ஒருவர்