சான்று கேட்கும் கல்லூரியே ஊசியும் போடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கடிதங்களைப் படித்துவருகிறேன். உசிலம்பட்டி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் பேத்தி இந்த ஆண்டு மதுரையில் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள்.

மருத்துவ, செவிலியர் மாணவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கட்டாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ரத்தம் எடுத்த ஊசியைப் பெட்டியில் போடும்போது விரலில் குத்திவிடுவது நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கும் நேர்வதுதான். ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தின் வழியே தொற்றிக் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது.

ஆனால் பேத்தியின் கல்லூரியில், மூன்று தவணையும் போட்டதற்கான சான்றை ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்றார்கள். முதல் ஊசி, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று போட வேண்டியதை ஒரு வாரத்தில் எப்படி முடிப்பது? பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் அவளுடைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தபோது, பாதியைக் கரையான் தின்றிருந்தது. போலியோ சொட்டு மருந்துக்கான கட்டங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் விரிவாக்கப்பட்டது 2011ஆம் ஆண்டில்தான் என்பதால், இப்போது கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பலரிடம் பதிவு இல்லாமல் இருக்கலாம். உடன் வந்த பெற்றோர் சிலர் வேறு வழியின்றிப் பணம் கொடுத்துச் சான்று வாங்கிவந்தார்கள். ஊசியே போடாத அந்தப் பிள்ளைகள்தான் நாளை வார்டுக்குள் போகப்போகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை.

சேரும் நாளிலேயே கல்லூரி வளாகத்தில் முதல் ஊசியை இலவசமாகப் போட்டு, இரண்டாவது ஊசிக்குப் பிறகே வார்டுப் பணிக்கு அனுப்பி, மூன்றாவதும் முடிந்து ஓரிரு மாதங்களில் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மருத்துவர் தரும் விலக்கை மறுபேச்சின்றி ஏற்க வேண்டும்.

கலை, அறிவியல் கல்லூரிகளை இதே அளவுகோலால் அளக்கக் கூடாது. யாரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022 மே 2 அன்று கொரோனா தடுப்பூசி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பொது நலன் கருதி அரசு விதிக்கும் கட்டுப்பாடுகள் தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. விடுதியில் ஒருத்திக்குச் சின்னம்மை போட்டால் அறை வாசலில் வேப்பிலை செருகி அவளை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது அறைத் தோழிகளுக்குத் தொற்றியிருக்கும். அதற்கான ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. பெரியவர்கள் இரண்டு தவணை போட்டுக்கொள்ள வேண்டிய அதைக் கூலி வேலை செய்பவரின் மகளிடம் நிபந்தனையாகக் கேட்பது நியாயமன்று.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. யாரையும் மிரட்டாமல் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பிறகு பள்ளி வராந்தாவில் அவர்கள் கண்முன்னே என் பேத்திக்குத்தான் முதலில் போட்டேன். மறுநாள் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் முந்தைய நாள் மறுத்தவர்கள்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்கும் முன், மாவட்டச் சுகாதாரத் துறை கல்லூரி முதல்வர்களை அழைத்துப் பேசி, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களை வளாகங்களுக்கே அனுப்ப ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
உசிலம்பட்டி.